கேம் கேள்வி-பதில்: சண்டை ஒரு பக்கம், சக்தி ஒரு பக்கமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மெட்ராய்ட்வேனியா கேம்களைப் பற்றியவை. எனக்கு ரொம்பப் பிடித்த வகை என்பதால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கே: மெட்ராய்ட்வேனியா என்ற பெயரே எனக்குப் புதிது. என் தம்பி நாள் முழுக்க அதைத்தான் ஆடுகிறான். அது என்ன மாதிரி கேம்?

ப: 'மெட்ராய்ட்', 'கேஸில்வேனியா' என்ற இரண்டு தொடர்களின் பெயர்களை ஒட்டவைத்து வந்த பெயர். இரண்டுமே 1986-ல் தொடங்கியவை. பக்கவாட்டில் பார்த்து ஆடும் பிளாட்ஃபார்ம் கேம்தான். ஆனால் லெவல் லெவலாகப் பிரிந்திருக்காது, எல்லாம் ஒரே பெரிய மேப். எட்ட முடியாத ஒரு மேடையை ஆரம்பத்திலேயே கண்ணில் காட்டிவிடுவார்கள். அதில் ஏறுவதற்கான திறன் எங்கோ தொலைவில் கிடைக்கும். வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். தம்பி வந்த வழியிலேயே திரும்பத் திரும்பப் போவதைப் பார்த்து அவன் வழி தெரியாமல் சுற்றுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள்.

கே: 'ஹாலோ நைட்'தான் உசத்தி என்கிறான் நண்பன். எனக்கு 'ஓரி'தான். ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்.

ப: இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்து அளந்தால் சண்டை தீரவே தீராது. சண்டை எப்படி இருக்கிறது என்பது ஒரு கேள்வி, கிடைக்கும் திறன்கள் எப்படி இருக்கின்றன என்பது இன்னொரு கேள்வி. தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் இருவர் சொல்வதிலும் பாதி பாதி சரி என்று தெரியும்.

2017-ல் வந்த ஹாலோ நைட்டில் கையில் இருப்பது ஒரே ஒரு நெயில், அதாவது ஆணி போன்ற வாள். மேலே, கீழே, முன்னே என்று வீசலாம், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எதிரியை அடித்தால் நீங்களும் சற்றுப் பின்னுக்குத் தள்ளப்படுவீர்கள். தரையில் விளிம்பை ஒட்டி நின்று அடித்தால் அந்தத் தள்ளலிலேயே கீழே விழவும் நேரும். எதிரியின் தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி வீசினால் அந்த அடியே உங்களை மறுபடி மேலே தூக்கிவிடும். இப்படி முள்ளின் மேல்கூட துள்ளித் துள்ளிப் போகலாம். இந்தத் துள்ளலுக்கு எந்தச் சிலையையும் தொட வேண்டியதில்லை, எந்த பாஸையும் (வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரி) வெல்ல வேண்டியதில்லை. முதல் நிமிடத்திலிருந்தே அது உங்கள் கையில் இருக்கிறது, கண்டுபிடிப்பதுதான் பாக்கி. சண்டை வடிவமைப்பில் உங்கள் நண்பன் பக்கம் நியாயம் இருக்கிறது.

திறன்கள் என்று வந்தால் கதை வேறு. கிரீன்பாத் என்ற பகுதியில் ஹார்னெட் என்ற பாஸை வென்றதும் டேஷ், அதாவது சட்டென்று பாயும் திறன், கிடைக்கிறது. அருமையான பரிசு, அதன்பிறகு ஆடும் எல்லாச் சண்டையும் மாறிவிடுகிறது. ஆனால் இஸ்மாவின் கண்ணீர்? அமில நீரில் நீந்தலாம், வேறொன்றுமில்லை. கிரிஸ்டல் ஹார்ட் பாய்ச்சல் நீண்ட சுரங்கத்தைக் கடக்க உதவும், ஒரு பாஸின் முன்னால் அதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டோம். இவை வெறும் சாவிகள். கதவைத் திறந்ததும் பைக்குள் போய்விடுகின்றன.

2015-ல் வந்த 'ஓரி அண்ட் த பிளைண்ட் ஃபாரஸ்ட்' அப்படியே நேர்மாறு. அதன் தாக்குதல் தானே இலக்கைத் தேடிப் போகும் ஒளிப்பொறி. குறி பார்க்கத் தேவையில்லை, பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும். சண்டை என்று பார்த்தால் மெலிந்ததுதான். ஆனால் ஜின்சோ மரத்தில் கிடைக்கும் 'பேஷ்' இருக்கிறதே, இந்த வகை கேம்களில் நான் பார்த்த திறன்களிலேயே மிகச் சிறந்தது என்பேன். ஓர் எதிரியோ அவன் எறிந்த குண்டோ பக்கத்தில் வரும்போது பொத்தானை அழுத்திப் பிடித்தால் காலம் உறைந்து நிற்கும், ஓர் அம்பு தோன்றும். அம்பைத் திருப்பி விட்டதும் ஓரி ஒரு பக்கம் பறக்கும், குண்டு எதிர்ப்பக்கம் பறக்கும். ஒரே அசைவில் தப்பித்தாயிற்று, உயரம் ஏறியாயிற்று, எதிரி எறிந்ததை அவன் மீதே திருப்பியாயிற்று. ஜின்சோ மரத்துக்குள்ளேயே இப்படிக் குண்டைத் திருப்பிவிட்டு அடைப்பை உடைக்க வைக்கிறார்கள். அதுவரை ஒவ்வொரு எதிரியும் தடையாக இருந்தான், அதன்பிறகு அதே எதிரி ஏறிப்போவதற்கான படி. ஒளிப்பொறியை மறந்துவிடலாம், பேஷ் ஒன்றே இந்த கேமின் உண்மையான சண்டை.

தீர்ப்பு கேட்டீர்கள். சண்டைக்கு ஹாலோ நைட், திறனுக்கு ஓரி. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் ஓரியின் பக்கம்தான்.

கே: ஒரு திறன் நல்லதா, சும்மா சாவியா என்று ஆடும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: நான் செய்யும் சோதனை இது. புதிய திறன் கையில் வந்ததும் முன்னேறிப் போகாமல், ஏற்கெனவே கடந்து வந்த ஒரு சாதாரண அறைக்குத் திரும்பிப் போவேன். அங்கே முன்பு வென்ற அதே எதிரியோடு மறுபடி மோதுவேன். கை தானாகவே புதிய திறனைத் தேடுகிறதா? அப்படியானால் நல்ல திறன். பழைய மாதிரியே அடித்து முடித்துவிட்டேன் என்றால் அது சாவி மட்டும்தான்.

இந்தச் சோதனையில் 1994-ல் வந்த 'சூப்பர் மெட்ராய்ட்' இன்றைக்கும் பல புதிய கேம்களை முந்திவிடுகிறது. ஐஸ் பீம் எதிரியை உறைய வைக்கும். உறைந்தவன் அந்தரத்தில் அப்படியே நிற்பான், அவன் மேல் ஏறி அடுத்த மேடைக்குப் போகலாம். கடைசிப் பகுதியில் தலையைக் கவ்வ வரும் மெட்ராய்டுகள் என்ற உயிரினங்களை முதலில் உறைய வைத்து, பிறகு ஏவுகணையால் உடைக்கலாம். ஆயுதம், படி, கடைசிக் கட்டத்துக்கான விடை, மூன்றும் ஒரே பீம்.

அதைவிடவும் எனக்குப் பிடித்த இடம் டிரேகன் என்ற பாஸ். அறையின் சுவர்களில் சுடும் துப்பாக்கிக் கோபுரங்கள் இருக்கும். அவற்றை உடைத்தால் மின்பொறி பறக்கும். டிரேகன் நம் நாயகி சாமஸைக் கவ்விப் பிடிக்கும் நேரத்தில், உடைந்த கோபுரத்தின் மீது கொக்கிபோல் பற்றும் கிராப்பிள் பீமை வீசிப் பிடித்துக்கொண்டால் மின்சாரம் சாமஸ் வழியாக டிரேகன் மேல் பாயும். சாமஸுக்கும் உயிர் குறையும், ஆனால் டிரேகன் கதை முடிந்துவிடும். பள்ளம் தாண்டித் தொங்குவதற்கென்று கொடுத்த கருவி இது. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று திரையில் ஓர் எழுத்துகூட வராது. தோன்றுகிறவருக்குத் தோன்றும், தோன்றாதவர் ஏவுகணையால் வெல்வார். இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

கே: 'குவாக்கமேலி'யில் எதிரியைச் சுற்றி நிறநிறமாகக் கவசம் வருகிறது. சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. குழந்தைகள் விளையாட்டு மாதிரி இருக்கிறதே?

ப: பார்க்க அப்படித்தான் இருக்கும். பாதியில் விட்டுவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2013-ல் வந்த இந்த கேமுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சேவல் குத்து சிவப்பு, தலைமுட்டு மஞ்சள், தவளை மிதி பச்சை, முன்பாய்ச்சல் குத்து நீலம். அதே நிறக் கல்லை அதே அடி உடைக்கும். இதுவரை எல்லாம் சாவிதான், நீங்கள் சொல்வது சரி. ஆனால் சேவல் குத்து குத்தும்போது நீங்களும் மேலே எழும்புகிறீர்கள். முன்பாய்ச்சல் குத்தில் அந்தரத்திலேயே கிடைமட்டமாகப் பறக்கிறீர்கள். அதனால் அகலமான பள்ளம் வந்தால் ஒரு தாவல், அங்கிருந்து ஒரு சேவல் குத்து, அதன் உச்சியில் ஒரு முன்பாய்ச்சல், இப்படித் தாண்டுவீர்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் அறையில் பூட்டிவைத்து, சிவப்புக் கவசக்காரன் ஒருவன், நீலக் கவசக்காரன் ஒருவன், போதாதற்கு மறு உலகத்தில் நிழலாக மட்டும் தெரியும் ஒருவன் என்று இறக்கிவிடுவார்கள். நிழலாகத் தெரிபவனை நீங்களும் அந்த உலகத்துக்கு மாறினால்தான் தொடவே முடியும். அப்போது பாருங்கள், பள்ளத்தின் மேல் கற்ற அதே வரிசைதான் விரலில் வரும். பள்ளம் தாண்டுவதற்கும் சண்டைக்கும் ஒரே அசைவுகள். இவ்வளவு தெளிவாக இதைச் செய்த வேறு கேம் எனக்குத் தெரிந்து இல்லை.

கே: ஹாலோ நைட்டில் மேன்டிஸ் லார்ட்ஸிடம் மாட்டிக்கொண்டேன். உயிரை நிரப்பப் போகும்போதுதான் அடி விழுகிறது. ஒவ்வொரு முறையும்! என்ன செய்வது?

ப: அந்த கேமின் நடுநரம்பையே தொட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். நெயிலால் ஓர் அடி கொடுத்தால் 11 சோல் (உயிர் நிரப்பச் செலவிடும் சக்தி) சேரும். ஒரு மாஸ்க், அதாவது உயிரின் ஓர் அலகை, மீட்க 33 சோல் செலவாகும். மூன்று அடிக்கு ஒரு உயிர். உயிர் வேண்டுமென்றால் எதிரியின் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். சேர்த்ததைச் செலவழிக்க அசையாமல் நின்றுதான் ஆக வேண்டும், அதுவும் தரையில். கிட்டத்தட்ட ஒரு நொடி. அந்த ஒரு நொடியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதுதான் ஒவ்வொரு பாஸ் சண்டையும்.

முதலில் ஒருத்திதான் வருவாள். அவளிடம் மூன்று தாக்குதல்கள்: தரையோடு சீறிப் பாய்வது, மேலிருந்து ஈட்டியோடு செங்குத்தாக இறங்குவது, சுவரில் ஒட்டிக்கொண்டு வளைந்து திரும்பும் ஆயுதத்தை வீசுவது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அவள் மறைந்து அடுத்ததற்குத் தயாராக ஒரு சின்ன இடைவெளி வரும். நீங்கள் அந்த இடைவெளியில் அடிக்கவும் பார்க்கிறீர்கள், உயிர் நிரப்பவும் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சீறிப் பாய்ந்து வரும்போது தாவிக் கடந்து ஒரே ஓர் அடி, பேராசை வேண்டாம். செங்குத்தாக இறங்கும்போது டேஷில் விலகி, தூரமாக இருந்தால் மட்டும் உயிர். முதலாமவளிடமே உயிரை முழுதாக நிரப்பிக்கொண்டு முடியுங்கள். அடுத்து இரண்டு பேர் சேர்ந்து இறங்குவார்கள், இடைவெளி சுருங்கிவிடும். அங்கே உயிர் நிரப்பலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டால் கை சுதந்திரமாகும்.

வென்றபிறகு அந்தக் கிராமத்து மேன்டிஸ்கள் உங்களைத் தாக்க மாட்டா. தலை குனிந்து வணங்கும். அந்த அறைகளில் மெல்ல நடந்து பாருங்கள்.

கே: 'சில்க்சாங்' அதைவிடக் கஷ்டம் என்கிறார்களே?

ப: ஹாலோ நைட்டின் அடுத்த பாகம், 2025 செப்டம்பரில் வந்தது. கஷ்டம் என்பதைவிட, கணக்கையே மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்வது பொருத்தம். இங்கே நாயகி ஹார்னெட்தான், அவள் உயிரை நிரப்பினால் ஒரே தடவையில் மூன்று மாஸ்க் திரும்பும், அந்தரத்திலும் செய்யலாம். ஆனால் அதற்கு 9 சில்க் வேண்டும், சோலுக்குப் பதில் இங்கே இதுதான். ஆரம்பத்தில் சேமிப்பின் முழு அளவே அவ்வளவுதான். பாஸ்கள் பலரும் ஓர் அடிக்கு இரண்டு மாஸ்க் எடுக்கிறார்கள். முந்தைய கேமில் சில்லறை சில்லறையாக உயிர் சேர்த்தவர்கள் இதில் மொத்தமாகச் சேர்த்து மொத்தமாகச் செலவழிக்கப் பழக வேண்டும்.

கீழ்நோக்கிய அடியும் முதலில் நேராக இறங்காது, சாய்வாகப் பாயும். பழகிய கை தடுமாறும். தாக்கும் பாணியையே மாற்றும் க்ரெஸ்ட்களில் ஒன்றான வாண்டரர் க்ரெஸ்ட் கிடைத்தால் பழையபடி நேராக அடிக்கலாம். வேறு க்ரெஸ்ட், வேறு வீச்சு. அதாவது பாதை திறக்கும் திறன் ஒரு பக்கம் கிடைக்க, உங்கள் சண்டைப் பாணியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சாய்ந்த பாய்ச்சலுக்குக் கொஞ்ச நாள் அவகாசம் கொடுங்கள், உடனே க்ரெஸ்டை மாற்றாதீர்கள். அந்தச் சாய்வுக்குக் கை பழகியதும் அதன் பலன் புரியும்.

கே: லெவல் ஏறும் முறை நல்லதா? 'சிம்ஃபனி ஆஃப் த நைட்' மாதிரி?

ப: கேஸில்வேனியா தொடரில் 1997-ல் வந்த கேம் அது. அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். சண்டைக்குக் கைத்திறன் போதாதவருக்கும் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வழி விட்டது, அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் தலைகீழ்க் கோட்டையில் க்ரிஸேக்ரிம் வாள் கிடைத்தபிறகு எந்த எதிரியையும் பார்த்து ஆட வேண்டியதில்லை. எண்கள் சண்டையைத் தின்றுவிடுகின்றன. நாயகன் ஆலுகார்டு புகையாக மாறிக் கம்பிச் சட்டத்துக்குள் நுழைவதும், வௌவாலாகிப் பறப்பதும்தான் அந்த கேமில் என் மனதில் நிற்பவை, எந்தச் சண்டையும் அல்ல.

கே: அடியைத் தடுத்துத் திருப்பும் 'பேரி' இப்போது எல்லா கேமிலும் வருகிறது. எதில் சரியாக இருக்கிறது?

ப: நான்கைச் சொல்கிறேன். 2017-ல் வந்த 'மெட்ராய்ட்: சாமஸ் ரிட்டர்ன்ஸ்' இதைக் கொண்டுவந்தபோது சாமஸ் நின்றுதான் அடியைத் திருப்ப முடியும். விளைவு, சாதாரண எதிரியைப் பார்த்தால்கூட அவன் பாயட்டும் என்று காத்து நிற்கும் பழக்கம் வந்துவிட்டது. ஓட வேண்டிய கேம் நின்று நின்று போனது. 2021-ல் 'மெட்ராய்ட் டிரெட்' வந்தபோது ஓடிக்கொண்டே திருப்ப வழி செய்தார்கள். ஒரே ஒரு மாற்றம்தான், ஆட்டத்தின் தாளமே சரியாகிவிட்டது.

2024 தொடக்கத்தில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: த லாஸ்ட் கிரவுன்' எதிரியின் நிறத்தை வைத்துப் பேசுகிறது. மஞ்சளாக ஒளிர்ந்தால் திருப்பலாம், திருப்பினால் பெரிய பதிலடி. சிவப்பென்றால் திருப்ப முடியாது, விலக வேண்டும். தெளிவாக இருக்கிறது, புதியவர்களுக்கு நல்லது. ஆனால் அந்தப் பதிலடிக் காட்சி ஓடும்போது நாம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் குறை. அதே கேமில் உங்கள் நிழலை ஓரிடத்தில் விட்டுவிட்டுத் தேவையானபோது அங்கே திரும்பும் திறன்தான் என் விருப்பம். முள் நிறைந்த அறைக்கும் பயன்படுகிறது, பாஸின் பக்கத்தில் போய் அடித்துவிட்டுக் கடைசி நொடியில் காணாமல் போகவும் பயன்படுகிறது.

அதே ஆண்டு வந்த 'நைன் சோல்ஸ்'தான் பேரியை முழுதாக நம்பிக் கட்டிய கேம். துல்லியமாகத் தடுத்தால் சீ என்ற சக்தி சேரும். கொஞ்சம் பிசகினால் உள்காயம் மட்டும், உயிர் உடனே போகாது. அடுத்த அடி வாங்காமல் இருந்தால் அது ஆறிவிடும். சேர்ந்த சீயைக் கொண்டு எதிரியின் மேல் மந்திரத் தாளை ஒட்டி வெடிக்க வைக்கலாம். ஒட்ட வேண்டுமென்றால் கிட்டே போய்க் கடந்தாக வேண்டும். தடுப்பது என்றால் பின்வாங்குவது என்று பழகியவர்களை முன்னுக்கு இழுக்கும் வடிவமைப்பு இது. பிசகினாலும் ஆறிக்கொள்ள விடுகிற அந்த உள்காயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது இல்லையென்றால் பாதிப் பேர் முதல் பாஸோடு எழுந்து போயிருப்பார்கள்.

கே: சண்டையே பிடிக்காது. எனக்கு ஏதாவது இருக்கிறதா?

ப: 2024-ல் வந்த 'அனிமல் வெல்'. அடிக்கும் ஆயுதமே கிடையாது. ஆபத்து உண்டு, பயமும் உண்டு. பட்டாசு கொளுத்திப் பேய்களை விரட்டலாம். குமிழி ஊதி அதன் மேல் ஏறலாம், எறிந்த வட்டின் மேல் தாவி ஏறிப் போகலாம். கிடைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதல் வேலை இருக்கும். விடை தேடி யாரிடமும் கேட்காமல் ஆடுங்கள்.

கே: நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து சின்னதாக ஒரு மெட்ராய்ட்வேனியா செய்கிறோம். டேஷ், டபுள் ஜம்ப், சுவர் தாவல், கொக்கி, நீச்சல், பனிக்குண்டு, நெருப்புக்குண்டு என்று ஏழு திறன்கள் பட்டியல் போட்டிருக்கிறோம். சண்டையை அப்புறம் சேர்க்கலாம் என்று திட்டம். சரியா?

ப: சண்டையை அப்புறம் சேர்க்காதீர்கள், அது ஒட்டுப்போட்டது போலவே தெரியும். அறைகளின் அளவு, கூரையின் உயரம், தாவலின் வேகம் எல்லாம் முடிவான பிறகு எதிரி நிற்க இடமே இருக்காது.

பட்டியலில் நெருப்புக்குண்டு பனிக்கட்டியை உருக்கும், பனிக்குண்டு நெருப்பை அணைக்கும் என்றுதான் எழுதியிருப்பீர்கள். இரண்டில் ஒன்றை அடியுங்கள். மீதியுள்ளதற்குக் குறைந்தது இரண்டு வேலை கொடுங்கள். நீச்சலையும் எடுத்துவிடலாம், அல்லது தண்ணீருக்குள் எதிரி வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். கொக்கியை மட்டும் விடாதீர்கள். கொக்கி மேடையைப் பிடித்தால் நீங்கள் அங்கே போகிறீர்கள். எடை குறைந்த எதிரியைப் பிடித்தால் அவன் இங்கே வருகிறான், கனமானவனைப் பிடித்தால் நீங்கள் அவனிடம் இழுபட்டுப் போகிறீர்கள். ஒரு பொத்தானில் மூன்று சண்டைகள் வந்துவிட்டன.

2023-ல் வந்த 'பிளாஸ்ஃபமஸ் 2'-ஐ இதற்காகவே ஒருமுறை ஆடிப் பாருங்கள். மூன்று ஆயுதங்களில் ஒன்றை முதலிலேயே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், மற்றவை பிறகு கிடைக்கும். சங்கிலியில் சுழலும் கனமான ஆயுதம் மணிகளை அடித்து ஒலிக்க வைத்து வழி உண்டாக்கும். இரட்டைக் கத்தி கண்ணாடி வழியாகத் தாவ வைக்கும். ஆயுதமே வழி திறக்கிறது. தனியாகச் சாவி என்று ஒன்று தேவைப்படவில்லை.

முதலில் ஓர் அறை, ஓர் எதிரி, தாவல், ஓர் அடி, இவ்வளவு மட்டும் செய்யுங்கள். அந்த எதிரியோடு மோதுவது அலுக்கவில்லை என்று மூன்று பேருக்கும் தோன்றியபிறகு கொக்கியைச் சேருங்கள். அதே அறை, அதே எதிரி. மேப் வரைவதை அதற்கப்புறம் ஆரம்பிக்கலாம். ஆடக்கூடிய நிலைக்கு வந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள், ஆடிப் பார்த்து விரிவாக எழுதுகிறேன்.